ஆரோக்ய சஞ்சீவனி: அறை வாடகைக் கணக்கு தெரிந்துகொண்டு வாங்குங்கள்

மருத்துவக் காப்பீடு விற்கும் கம்பெனிகளின் இணையதளத்தில் பளபளப்பான பாலிசிகளை எல்லாம் தாண்டிக் கீழே போனால், ஒரு மூலையில் ஆரோக்ய சஞ்சீவனி என்று ஒன்று இருக்கும். நாமாகக் கேட்டால் ஒழிய முகவர் அதைப் பற்றி வாய் திறப்பது அபூர்வம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஜனவரியில் விதிமுறை வகுத்து, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்றாக வேண்டும் என்று கொண்டுவந்த பொது வடிவப் பாலிசி இது. யாரிடம் வாங்கினாலும் உள்ளே வாசகம் ஒன்றுதான். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கம்பெனி பெயரும் பிரீமியமும் மட்டும் மாறும். ஒரே கம்பெனி சென்னைக்கு ஒரு விலை, செங்கோட்டைக்கு ஒரு விலை என்று வைக்கவும் முடியாது. நாடு முழுக்க ஒரே கட்டணம்.

வாங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி. மற்றப் பாலிசிகளை ஒப்பிட 40 பக்கம் படிக்க வேண்டும். படித்தாலும் ஒன்றில் இருக்கிற நிபந்தனை இன்னொன்றில் வேறு பெயரில் ஒளிந்திருக்கும். இதில் ஒரு கம்பெனியின் வாசகத்தைப் படித்துவிட்டால் எல்லாக் கம்பெனியும் படித்தாயிற்று. மிச்சம் பார்க்க வேண்டியவை மூன்று: பிரீமியம் எவ்வளவு, உங்கள் ஊரில் நீங்கள் உண்மையில் போகிற ஆஸ்பத்திரி அவர்களின் கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும்) பட்டியலில் இருக்கிறதா, கிளைமை அவர்களே பார்க்கிறார்களா அல்லது டி.பி.ஏ. என்கிற இடைநிலை நிறுவனத்திடம் விட்டிருக்கிறார்களா. பட்டியலை இணையத்தில் பார்ப்பதோடு விடாமல், ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் கவுன்டரிலேயே நேரில் கேளுங்கள். பட்டியலில் பெயர் இருக்கும், ஒப்பந்தம் முடிந்து போயிருக்கும்.

முதலில் எலும்புக்கூடு. காப்பீட்டுத் தொகை ஆரம்பத்தில் 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை; 2021 மே முதல் 50,000 முதல் 10 லட்சம் வரை. நுழைவு வயது 18 முதல் 65. பிள்ளைகளுக்கு 3 மாதம் முதல் 25 வயது. பாலிசி ஓராண்டுக்கு; புதுப்பித்துக்கொண்டே வந்தால் ஆயுள் முழுக்கத் தொடரலாம். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 60 நாள் செலவும் சேரும். ஆம்புலன்ஸுக்கு ஒரு முறைக்கு 2,000 ரூபாய். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி உள்நோயாளி சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு இல்லை. முழுத் தொகை வரை உண்டு. கிளைம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 சதவீதம் போனஸ், அதிகபட்சம் 50 சதவீதம். எந்த வயதாக இருந்தாலும், எந்தக் கிளைமாக இருந்தாலும் 5 சதவீதம் நம் கையிலிருந்து. இதுவரை குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை அறையில் இருக்கிறது.

2 சதவீதம்

அறை வாடகைக்கு ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். ஐ.சி.யு.வுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 10,000. அந்த 'அதிகபட்சம்' என்ற சொல்லைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1 லட்சத்துக்கு எடுத்தால் அறைக்கு நாளுக்கு 2,000. 2 லட்சத்துக்கு 4,000. இரண்டரை லட்சத்தில் 5,000-ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். 5 லட்சம் எடுத்தாலும் 10 லட்சம் எடுத்தாலும் அதே 5,000தான். ஐ.சி.யு. வரம்பு இன்னும் முன்னதாக, 2 லட்சத்திலேயே முட்டிக்கொள்கிறது. அதாவது, தொகையைக் கூட்டினால் நீண்ட நாள் படுக்கைக்கும் விலை கூடிய மருந்துக்கும் உதவுமே தவிர, நல்ல அறை கிடைக்காது.

இன்னொரு நுணுக்கம்: வரம்பு என்பது அறை, உணவு, நர்சிங் மூன்றுக்கும் சேர்த்து. ஆஸ்பத்திரியில் "ரூம் 4,200தான்" என்பார்கள். பில்லில் நர்சிங் கட்டணம் நாளுக்கு 1,100 என்று தனி வரியில் வரும். கூட்டினால் 5,300, வரம்பைத் தாண்டியாயிற்று. அறையைக் கேட்கும்போதே "நர்சிங்கோடு சேர்த்து ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்க வேண்டும்.

தாண்டினால் என்ன, அந்த 300 ரூபாயை நாமே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அப்படி விடமாட்டார்கள். அறை வரம்பைத் தாண்டினால் டாக்டர் ஃபீஸ், அறுவைக் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் வாடகை எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை: பெரிய அறையில் படுத்தால் அதே அறுவைக்கும் கூடுதல் கட்டணம் போடுவது பல ஆஸ்பத்திரிகளின் வழக்கம்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம். காப்பீடு 5 லட்சம், 5 நாள் படுக்கை, அறை நாளுக்கு 8,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு 40,000. அறுவை, மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், டாக்டர் விசிட் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைகள் 80,000. கையுறை, மாஸ்க், டயப்பர் என்று காப்பீட்டில் சேராதவை 6,000. மொத்தம் 2,46,000.

கம்பெனி எப்படிப் பார்க்கும்? அறைக்கு 8,000-க்கு 5,000, அதாவது 62.5 சதவீதம். அறைக்கணக்கில் 25,000 சேரும். 1,20,000-ல் 62.5 சதவீதம், 75,000. மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைகளுக்கு இந்த விகித வெட்டு இல்லை, 80,000 முழுசாக. ஆக 1,80,000. அதில் நம் பங்கு 5 சதவீதம், 9,000 போக, வருவது 1,71,000. கையிலிருந்து கட்ட வேண்டியது 75,000.

அதே ஆளை 5,000 ரூபாய் அறையில் சேர்த்திருந்தால்? அறுவைக் கட்டணம் ஒரு பைசாகூடக் குறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மொத்த பில் 2,31,000. ஏற்கப்படுவது 2,25,000. 5 சதவீதம் போக 2,13,750 வரும். கையிலிருந்து 17,250 மட்டும். நாளுக்கு 3,000 கூடுதல் என்று 5 நாளுக்கு 15,000 ரூபாய் சொகுசுக்கு ஆசைப்பட்டதில் போனது 57,750.

அறைக்கு ஏற்றபடி கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரிகளும் உண்டு. எந்த அறையில் இருந்தாலும் அறுவைக்கு ஒரே விலை. அங்கே இந்த விகித வெட்டு போடக்கூடாது என்பது விதி. ஐ.சி.யு. கட்டணத்துக்கும் அது பொருந்தாது. அங்கே வரம்புக்கு மேலே போவது மட்டும் கையிலிருந்து. வெட்டிவிட்டு செட்டில்மென்ட் கடிதம் அனுப்பினால், கட்டணப் பட்டியலை ஆஸ்பத்திரியிடம் எழுத்தில் வாங்கி இணைத்துத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

கண்புரை அறுவைக்குத் தனிக் கணக்கு: ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000, எது குறைவோ அது. 1 லட்சம் பாலிசியில் 25,000தான். ரோபோட்டிக் அறுவை, வாய்வழி கீமோதெரபி, இம்யூனோதெரபி ஊசி முதலான 12 நவீன சிகிச்சைகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் பாதி வரைதான். புற்றுநோய்ச் செலவு எங்கே எகிறும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வரியின் கனம் புரியும். 5 லட்சம் பாலிசி அங்கே இரண்டரை லட்சம் பாலிசிதான்.

காத்திருப்பு

வாங்கிய முதல் 30 நாளில் விபத்துக்கு மட்டும்தான் கிளைம். ஹெர்னியா, மூலம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், கர்ப்பப்பை அகற்றம், கண்புரை, டான்சில், சைனஸ், வெரிகோஸ் வெயின் என்று ஒரு பட்டியலுக்கு 24 மாதம். இவையெல்லாம் தள்ளிப்போட்டுச் செய்துகொள்ளக்கூடிய அறுவைகள். வலி வந்த பிறகு பாலிசி எடுத்து, செய்துகொண்டு, விட்டுவிடுவார்கள் என்பதால் வைத்த தடுப்பு. மூட்டு மாற்று அறுவைக்கும், ஏற்கனவே இருக்கும் நோய்க்கும் முதலில் 48 மாதம் இருந்தது. 2024 விதிகளுக்குப் பின் எந்தப் பாலிசியிலும் இந்தக் காத்திருப்பு 36 மாதத்தைத் தாண்டக்கூடாது. பழைய அச்சு வாசகம் கையில் இருந்தால் 48 என்றே இருக்கலாம். புதுப்பிக்கும்போது புது வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பிரசவம் இதில் கிடையாது. வெளிநோயாளிச் செலவு கிடையாது. வீட்டிலேயே படுக்க வைத்துப் பார்க்கும் சிகிச்சை கிடையாது. ஆண்டுக்கொரு முறை இலவச ஹெல்த் செக்-அப், நடந்தால் பாயின்ட் என்கிற அலங்காரங்களும் கிடையாது. கூடுதலாகப் பணம் கட்டி எதையும் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. தொகை தீர்ந்தால் மறுபடி நிரப்பித் தரும் வசதியும் இல்லை. கடைசி ஒன்றுதான் உண்மையான இழப்பு. செக்-அப்புக்காகப் பாலிசியைத் தேர்ந்தெடுப்பது தேங்காய்க்காகத் தோப்பை வாங்குவது மாதிரி.

படிவத்தில் எழுதுவது, கேஸ் ஷீட்டில் எழுதப்படுவது

கிளைம் நிராகரிப்பில் எரிச்சலூட்டும் வகை இது. பாலிசி எடுக்கும்போது முகவர் செல்போனிலேயே படிவத்தை நிரப்புகிறார். சர்க்கரை, பி.பி. கேள்விகள் வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு ஓ.டி.பி. கேட்பார். இரண்டு வருடம் கழித்து நெஞ்சுவலி என்று சேர்க்கிறீர்கள். இரவு டியூட்டி டாக்டர் "சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?" என்று கேட்கிறார். பதற்றத்தில் இருக்கும் மகன், "ஒரு பத்து வருஷம் இருக்கும் டாக்டர்" என்கிறான். அது கேஸ் ஷீட்டில் ஏறி டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போகிறது. கம்பெனியில் கிளைமைப் பார்ப்பவரின் கண் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். உண்மையில் சர்க்கரை கண்டுபிடித்து ஒரு வருடமே ஆகியிருக்கலாம். எழுதிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவது. சர்க்கரை என்று எழுதினால் பிரீமியம் கூடலாம், காத்திருப்பு இருக்கும். ஆனால் மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும். மறைத்தால் அது தீராது. பாலிசி கைக்கு வந்ததும் நிரப்பிய படிவத்தின் நகல் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது மின்னஞ்சலில் திருத்தம் கேட்கலாம். தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்துவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, மறைத்தார் என்ற காரணத்தைச் சொல்லிக் கிளைமை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருடமாக இருந்தது.

இரண்டு, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவக் கோப்பு. சர்க்கரை முதலில் தெரிந்த நாளின் லேப் ரிப்போர்ட், பி.பி. மாத்திரை முதலில் எழுதிய சீட்டு இரண்டும் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். நோய் எப்போது தொடங்கியது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை எச்.பி.ஏ.1.சி., பி.பி., கொழுப்பு, கிரியாட்டினின். எச்.பி.ஏ.1.சி. ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்வதால், முந்தைய நாள் விரதம் இருந்து ஏமாற்ற முடியாது, ஏமாற்றப்படவும் முடியாது. பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் வைத்து, காபி குடித்து அரை மணி கழித்துப் பாருங்கள். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு எடுத்த 150 என்ற எண் ஒரு படிவத்தில் ஏறிவிட்டால் அதற்கும் விலை உண்டு. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவத்தின் கீழ் வீட்டுக்கு வந்தே சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கிறார்கள், அந்தச் சீட்டையும் கோப்பில் வையுங்கள்.

சேர்க்கும் அன்று

கிளைமுக்கு 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டும்; அதைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிடுவார்கள். இரவு 8 மணிக்குக் காய்ச்சலோடு சேர்ந்து மறுநாள் மாலை 6 மணிக்கு "நல்லாயிடுச்சு, போலாம்" என்று கிளம்பினால் 22 மணி நேரம்; கிளைம் இல்லை. கண்புரை, டயாலிசிஸ் போன்ற, அன்றே வீடு திரும்பும் டே-கேர் சிகிச்சைகளுக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லை. சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

ஸ்கேன் எடுக்க மட்டும் சேர்த்தாலும் மறுப்பார்கள். தலைசுற்றல் என்று இரண்டு நாள் படுக்கவைத்து, எம்.ஆர்.ஐ. எடுத்து, ஒன்றுமில்லை என்று மாத்திரையோடு அனுப்பினால், அது பரிசோதனைக்கான சேர்க்கை என்ற விலக்குக்குள் விழும். ஊசி வழி மருந்து, டிரிப், தொடர் கண்காணிப்பு என்று வீட்டில் செய்ய முடியாத சிகிச்சை நடந்தது கேஸ் ஷீட்டில் தெரிய வேண்டும்.

ஊரில் உள்ள சின்ன நர்சிங் ஹோமில் சேர்க்கும்போது படுக்கை எண்ணிக்கையைக் கேளுங்கள். பதிவு பெறாத இடமாக இருந்தால், 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, பெரிய நகரில் 15 படுக்கை, 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும், தியேட்டர் இருந்தால்தான் அதை ஆஸ்பத்திரி என்று கணக்கில் எடுப்பார்கள்.

திட்டமிட்ட அறுவை என்றால் 48 மணி நேரம் முன்பாகவும், அவசரம் என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளும் தகவல் தர வேண்டும். கேஷ்லெஸ் விண்ணப்பம் போனதும் ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் பில் போனதும் மூன்று மணி நேரத்தில் இறுதி அனுமதி என்று 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. காலக்கெடு வைத்திருக்கிறது, மூன்று மணியைத் தாண்டியதால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். நடைமுறையில் தாமதம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்டரிலேயே நடக்கிறது. காலையில் டாக்டர் போகலாம் என்று சொல்லியும் மதியம் வரை பில் அனுப்பப்படாமல் இருக்கும். கடிகாரமே ஓடத் தொடங்கியிருக்காது. கவுன்டரில் கேட்க வேண்டிய கேள்வி "அப்ரூவல் வந்துச்சா?" இல்லை. "பில்லும் சம்மரியும் எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?"

முதலில் வரும் அனுமதிக் கடிதத்தில் உள்ள தொகையைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது ஆரம்பத் தொகைதான், செலவு கூடக் கூட ஆஸ்பத்திரி திருப்பிக் கேட்கும். பயப்பட வேண்டியது கேஷ்லெஸ் மறுத்தால் கிளைமே போய்விட்டது என்று நினைப்பவரைப் பார்த்துத்தான். பணம் கட்டி வெளியே வந்து, 30 நாளுக்குள் அசல் பில், ரசீது, சம்மரி, லேப் ரிப்போர்ட், டாக்டர் சீட்டு எல்லாம் வைத்து ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். மருந்து பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர் சீட்டு பொருந்தி வர வேண்டும். சீட்டு இல்லாத மருந்து பில்தான் சத்தமில்லாமல் கழிபடும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் பில்களைத் தனியாக, அந்தச் சிகிச்சை முடிந்து 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கேஷ்லெஸில் எல்லாம் முடிந்துவிட்டது என்று இந்த இரண்டாவது கிளைமைப் போடாமலே விடுகிறவர்கள் ஏராளம்.

மறுத்துவிட்டால், எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான பிரச்சினைகளை எடுப்பார்கள். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

வீட்டில் யாரை எதில் சேர்ப்பது

அப்பா, அம்மா, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஆறு பேரையும் ஒரே 5 லட்சம் ஃப்ளோட்டரில், அதாவது எல்லோரும் பங்குபோடும் ஒரே தொகையில், போடலாம். போடாதீர்கள். ஃப்ளோட்டர் பிரீமியத்தில் வீட்டில் மூத்தவரின் வயது தூக்கலாகத் தெரியும்; 65 வயது அப்பா இருந்தால் 5 வயதுப் பேரனுக்கும் சேர்த்து அந்தச் சுமை. அப்பாவுக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தால் அந்த ஆண்டுக்கு மற்ற ஐந்து பேருக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். நிரப்பித் தரும் வசதியும் இல்லை, எல்லோருடைய போனஸும் குறையும். பெற்றோருக்குத் தனி, இளையவர்களுக்குத் தனி.

70 வயது தாண்டிய பெற்றோர் என்றால் முதலில் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. 2024 அக்டோபர் முதல் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை இலவச சிகிச்சை. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இவை இரண்டையும் விசாரிக்காமல் பிரீமியம் கட்டத் தொடங்குவது வீண்.

10 லட்சத்துக்குச் சஞ்சீவனியை ஏற்றுவதைவிட, 5 லட்சத்தோடு நிறுத்தி, 5 லட்சம் கழிவுத்தொகை உள்ள (அதாவது 5 லட்சத்துக்கு மேலே போவதை மட்டும் தரும்) சூப்பர் டாப்-அப் ஒன்றைச் சேர்ப்பது நல்ல கூட்டு. 'சூப்பர்' என்ற சொல் முக்கியம். வெறும் டாப்-அப்பில் ஒவ்வொரு கிளைமும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும். சூப்பரில் ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்ப்பார்கள். ஓர் ஆண்டில் 3 லட்சம், 4 லட்சம் என்று இரண்டு பில் வந்தால், டாப்-அப் ஒரு ரூபாய்கூடத் தராது. சூப்பர் டாப்-அப் 2 லட்சத்துக்குக் கதவைத் திறக்கும்.

வேலை பார்க்கும் இடத்தில் குரூப் பாலிசி இருக்கிறது என்று இருந்துவிடுபவர்களுக்கு இந்தப் பாலிசி பொருத்தமான ஆரம்பம். வேலை போனால் குரூப் பாலிசியும் போகும். அதற்குள் இதில் காத்திருப்புக் காலம் ஓடி முடிந்திருக்கும். பின்னால் கை வசதி வந்தால் அறை வரம்பு இல்லாத பாலிசிக்குப் போர்ட் செய்து மாறிக்கொள்ளலாம். ஓடிய காத்திருப்பு, பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு அங்கேயும் செல்லும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே கேட்க வேண்டும். தனி அறையில்தான் படுப்போம் என்கிற மாநகரக் குடும்பம் இதை வாங்கவே வேண்டாம். மேலே போட்ட பில் கணக்குத்தான் அவர்களுக்கு நடக்கும். மாவட்டத் தலைநகர்களில், இருவர் படுக்கும் அறைக்கு நாளுக்கு 5,000-க்குள் வாங்கும் ஆஸ்பத்திரிகளை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நேரான பாலிசி கிடைப்பது சிரமம்.

ஆண்டுப் பிரீமியம் தாமதமானால் 30 நாள் சலுகை உண்டு. ஆனால் அந்த இடைவெளியில் வரும் செலவுக்குப் பாதுகாப்பு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது. புதுப்பிக்கும் நோட்டீஸில் வரி என்று ஏதாவது இருந்தால் கேளுங்கள்.

ஜோடிப் பாலிசி: சரள் ஜீவன் பீமா

இதே பொது வடிவ யோசனையில் 2021 ஜனவரி 1 முதல் வந்த டெர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, இது. 5 லட்சம் முதல் 25 லட்சம் வரை. வயது 18 முதல் 65. 70 வயது வரை பாதுகாப்பு. முதல் 45 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும் முழுத் தொகை. அந்த 45 நாளில் வேறு காரணத்தால் இறந்தால் கட்டிய பிரீமியம் திரும்பி வரும். காலம் முடியும்வரை உயிரோடு இருந்தால் எதுவும் வராது, சரண்டர் தொகை இல்லை, கடனும் வாங்க முடியாது. அதுதான் டெர்ம் பாலிசியின் அழகு, விட்டுவிடுவோம்.

வருமானச் சான்று, படிப்பு, தொழில் என்று கெடுபிடி இல்லாமல் கிடைக்கும் என்பது இதன் பலம். ஆட்டோ ஓட்டுபவர், கொத்தனார், தையல்காரர் போன்றவர்களுக்கு மற்ற டெர்ம் பாலிசிகள் கதவைச் சாத்தும் இடத்தில் இது திறக்கும். அதற்கு விலையாகப் பிரீமியம் பொதுவாக ஆன்லைன் டெர்ம் பாலிசியைவிடக் கூடுதல். சம்பளச் சீட்டு காட்ட முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வரத் தேவையில்லை.

25 லட்சம் போதுமா? வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 1,75,000. மாதம் 14,500 சொச்சம். வீட்டுக் கடன் இருந்தால் அதுவும் இந்தத் தொகையிலிருந்துதான் போக வேண்டும். மாதம் 30,000 செலவாகும் வீட்டுக்கு இது பாதிக்கும் வராது. வேறு வழியில்லாதவர்கள் இரண்டு கம்பெனியில் இரண்டு பாலிசி எடுக்கலாம். இரண்டாவதின் படிவத்தில் முதலாவதைக் குறிப்பிட வேண்டும்.

கடன் உள்ளவர்கள், குறிப்பாகச் சொந்தத் தொழில் செய்பவர்கள், 1874-ஆம் ஆண்டுத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசியை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் பணம் மனைவி, பிள்ளைகளுக்கே. கடன்காரர் கை வைக்க முடியாது. வாங்கும்போதே அந்தப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை.

நாமினி விஷயத்தில் நடக்கும் தவறு ஒன்றேதான்: கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அம்மா பெயர் இருக்கும், அப்படியே விட்டிருப்பார்கள். பிள்ளையை நாமினி ஆக்கினால் 18 வயது வரை பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு பெரியவர் பெயரையும் கொடுக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் பணம் கிடைப்பதற்குள் அலைச்சல். பாலிசி எண், கம்பெனி பெயர், நாமினியின் வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் மருத்துவக் கோப்பு இருக்கும் அதே அலமாரியில் வையுங்கள். நெட் பேங்கிங் பாஸ்வேர்டுக்குள் மட்டும் இருக்கும் பாலிசியை, அது இருப்பதே தெரியாத மனைவி எப்படிக் கிளைம் செய்வார்?